குண்டு பட்டவரின் கணக்கு: துப்பாக்கிக்கும் கட்டாயக் காப்புறுதி வேண்டுமா?

எண்ணெய்க் கப்பல் ஒன்று போர்ட் கிள்ளானுக்குள் வர வேண்டுமென்றால், கப்பல் நல்ல நிலையில் இருக்கிறது, மாலுமிகள் தகுதி பெற்றவர்கள் என்று காட்டினால் மட்டும் போதாது. 2,000 டன்னுக்கு மேல் எண்ணெய்ச் சரக்கு ஏற்றியிருந்தால், அது சிந்திக் கரையில் இருப்பவர்களுக்கு நட்டம் வந்தால் ஈடுகட்டக் காப்புறுதி உண்டு என்ற சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். 1994ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் (எண்ணெய் மாசு) சட்டத்தின் விதி அது. பெரிய சரக்குக் கப்பல்களிடம், அவை எரிக்கும் எரிபொருள் சிந்தினால் என்ன செய்வது என்பதற்கும் இதே போன்ற சான்றிதழ் கேட்கிறார்கள். துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றி வெளியே வரும் லாரிக்கும் இதுதான் நிலை. காப்புறுதி எடுக்காத வண்டிக்கு ரோட்டேக்ஸ் கிடைக்காது. பண்டமாரானில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் இளைஞரும் ஆண்டுதோறும் காப்புறுதிப் பணத்தைக் கட்டித்தான் சாலையில் இறங்குகிறார். தன் வண்டி மோதி முன்பின் தெரியாத ஒருவர் காயப்பட்டால், அவருக்குச் சேர வேண்டியதற்கு முன்கூட்டியே வழி செய்து வைக்கிறார் என்று பொருள்.

இப்போது கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவுக்கு வாருங்கள். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை மாலை. நகைக்கடையின் கண்ணாடிக் கதவருகே பாதுகாவலர் ஒருவர் பம்ப் கன் ஏந்தி நிற்கிறார். குழல் தரையை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அவரை உரசிக்கொண்டுதான் பிள்ளைகளின் கையைப் பிடித்தபடி தாய்மார்கள் உள்ளே போகிறார்கள். குழலின் நுனிக்கும் நடைபாதையில் பலூன் விற்கும் பையனுக்கும் இடையே ஓர் எட்டு தூரம்கூட இருக்காது. அந்தத் துப்பாக்கிக்கு உரிமம் உண்டு, பாதுகாவலர் நிறுவனத்துக்கும் உரிமம் உண்டு. கைதவறியோ கோபத்திலோ அது வெடித்து வழிப்போக்கர் ஒருவர் விழுந்தால் யார் பணம் தருவார் என்ற கேள்விக்கு மட்டும், லாரிக்கு இருப்பதுபோல் உறுதியான பதில் கிடையாது. நிறுவனம் தானே விரும்பிப் பொதுப் பொறுப்புக் காப்புறுதி எடுத்திருக்கலாம். எடுத்திருந்தாலும், வேண்டுமென்றே செய்த செயலுக்குப் பணம் தர மாட்டோம் என்ற விதிவிலக்கு அதில் இருக்கக்கூடும். அடிபட்டவர் அதையெல்லாம் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடிதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

துப்பாக்கி வைத்திருப்பவர் கட்டாயம் பொறுப்புக் காப்புறுதி எடுக்க வேண்டுமா என்ற விவாதம் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே வீட்டுக்கு வீடு துப்பாக்கி. இங்கே அப்படியில்லையே, நமக்கு எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கலாம். என் எண்ணம் நேர்மாறானது. துப்பாக்கிகள் குறைவாகவும், அவற்றின் உரிமையாளர்கள் அனைவரும் பதிவேட்டில் பெயரோடும் இருக்கும் நாட்டில்தான் இந்த ஏற்பாட்டைச் செய்வது எளிது. செய்யாமல் இருப்பதற்குச் சொல்லக்கூடிய காரணமும் குறைவு.

நம் துப்பாக்கிச் சட்டங்களின் பார்வை எங்கே பதிந்து வந்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கிள்ளான் வட்டாரத் தமிழர்கள் துப்பாக்கியை அதன் வாய்ப்பக்கத்திலிருந்து அறிந்தவர்கள். 1941இல் கிள்ளான் மாவட்டத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான, தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் மே மாதம் கைதானார். தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டுப் படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் ஐவர் இறந்தனர். ஏழு ஆண்டு கழித்து நாடு தழுவிய அவசரகாலம் வந்தபோது, தோட்டத் துரைகள் இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பு ஏற்பாடாகக் கருதப்பட்டது. உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது தூக்குக்குரிய குற்றமானது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு எடுத்த முயற்சிகளும் அவரைக் காப்பாற்றவில்லை.

பின்னர் வந்த சட்டங்களும் அதே வழியில் நடந்தன. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் ஏழு ஆண்டு வரை சிறை. 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் (கூடுதல் தண்டனை) சட்டம் அதைப் பதினான்கு ஆண்டுச் சிறையாகவும் குறைந்தது ஆறு பிரம்படியாகவும் உயர்த்தியது. கொள்ளை போன்ற குற்றங்களின்போது கொல்லும் அல்லது காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால் கட்டாய மரண தண்டனை. அந்தக் கட்டாயம் 2023 ஜூலையில்தான் நீங்கியது. மரண தண்டனை விதிப்பதா, நீண்ட சிறையும் பிரம்படியும் விதிப்பதா என்பதை இப்போது நீதிபதி முடிவு செய்கிறார். சட்டங்களின் கடுமையைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய உண்டு. இங்கே சொல்ல வேண்டியது இது ஒன்றுதான்: எண்பது ஆண்டுகளாகச் சட்டம் துப்பாக்கியைப் பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. குண்டு பட்ட உடம்பை அது திரும்பிப் பார்த்ததில்லை.

2013 அக்டோபர் 23ஆம் தேதி சுபாங் ஜெயாவில் ஒரு வங்கிக் கிளையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அங்கே காவலுக்கு நிறுத்தப்பட்டிருந்த பாதுகாவலரே பெண் அதிகாரி ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டுப் பணத்தோடு ஓடினார். இந்தோனேசியரான அவர் போலி மைகார்டு காட்டி வேலையில் சேர்ந்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. பாதுகாவலர் நிறுவனங்களின் ஆள்சேர்ப்பைப் பற்றி நாடு முழுக்கப் பேச்சு எழுந்தது. சோதனைகள் நடந்தன. கொன்றவர் பிடிபட்டு விசாரிக்கப்பட்டார். பேசப்படாமல் போனது ஒன்று உண்டு. இப்படி ஒரு கவுண்டருக்குப் பின்னால் வேலை செய்தவர் சுடப்பட்டால், அது வேலையிடத்தில் நேர்ந்த பாதிப்பு. சொக்சோ இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, துணைவருக்கு அன்றாட ஈட்டுத்தொகையில் ஐந்தில் மூன்று பங்கும் பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கும் மாதந்தோறும் வந்து சேரும். யார் மீது தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை, வழக்கறிஞர் தேவையில்லை. அதே கவுண்டருக்கு முன்னால், சேமிப்புப் புத்தகத்தோடு வரிசையில் நின்ற வாடிக்கையாளர்மீது அதே குண்டு பாய்ந்திருந்தால்? அந்தக் குண்டுக்கு ஈடு கேட்க அவர் குடும்பத்துக்கு உள்ள வழி நீதிமன்றம்தான். இரண்டு அடி அகலமுள்ள ஒரு பலகைக்கு இந்தப்பக்கம் நிற்பதா அந்தப்பக்கம் நிற்பதா என்பதை வைத்து ஒரு குடும்பத்தின் சோறு தீர்மானமாகிறது. இதை ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

நீதிமன்றம் கைவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2016 டிசம்பர் 1 அன்று பினாங்கில், தொழிலதிபர் ஒருவரின் மெய்க்காவலர் தன் முதலாளியைக் காரிலேயே சுட்டுக் கொன்றார். பிறகு சாலையில் இறங்கிக் கண்ணில் பட்டவர்களையும் சுட்டார். மொத்தம் மூவர் இறந்தனர், வேறு சிலர் காயமடைந்தனர். காயமடைந்த ஒருவர், மெய்க்காவலரை அனுப்பிய ஜிஎம்பி கைசர் செக்யூரிட்டி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். வெறிபிடித்து வழியில் போவோரைச் சுடுவது எங்கள் வேலையின் பகுதியா, அதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம் என்பது நிறுவனத்தின் வாதம். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. நிறுவனம் பொறுப்பு என்று 2022இல் தீர்ப்பு வந்தது. ஆயுதம் தாங்கியவரை ஊருக்குள் அனுப்பிச் சம்பாதிக்கும் தொழில், அந்த ஆயுதத்தால் வரும் ஆபத்தையும் சேர்த்தே சுமக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம் என்று நான் படிக்கிறேன்.

மிக முக்கியமான தீர்ப்பு. ஆனால் அது யார் பொறுப்பு என்று சொல்லுமே தவிர, பொறுப்பானவரிடம் பணம் இருக்கிறதா என்று பார்க்காது. சுடப்பட்ட நாளிலிருந்து கடைசித் தீர்ப்பு வரை ஏறத்தாழ ஆறு ஆண்டு. இடையில் ஒரு சிறு நிறுவனம் உரிமத்தை இழக்கலாம், மூடப்படலாம், வேறு பெயரில் திறக்கப்படலாம். சட்டப்படி வென்றவர் வெறும் தாளோடு வீடு திரும்பலாம். சாலை விபத்தில் இந்த ஆபத்தை எப்போதோ கண்டுகொண்டோம். கட்டாய மோட்டார் காப்புறுதி பிறந்ததே அதனால்தான். 1958ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் கட்டளைச் சட்டத்தில் இருந்த அந்தக் கட்டாயம், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 90, 91ஆம் பிரிவுகளில் தொடர்கிறது. அதைவிட அரியது 96ஆம் பிரிவு. ஓட்டுநருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தால், காப்புறுதி நிறுவனமே அந்தப் பணத்தை அடிபட்டவரிடம் நேரடியாகக் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர் ஒப்பந்த விதியை மீறிவிட்டார் என்ற சாக்கெல்லாம் பெரும்பாலும் அடிபட்டவரிடம் எடுபடாது. கொடுத்த பணத்தைப் பிறகு தன் வாடிக்கையாளரிடம் வசூலித்துக்கொள்வது நிறுவனத்தின் பாடு. வண்டிக்குக் காப்புறுதியே இல்லையென்றால்? அதற்குத்தான் 1968இல் மேற்கு மலேசிய மோட்டார் காப்புறுதியாளர் கழகம் வந்தது. காப்புறுதி நிறுவனங்கள் எல்லாம் பங்கு போட்டு, ஈடு கிடைக்காமல் நிற்பவர்களைக் கவனிக்கும் ஏற்பாடு அது. முதலில் தவறு செய்தவர், அவருக்குப் பின்னால் காப்புறுதி, அதற்கும் பின்னால் ஒரு பொதுநிதி என்று மூன்று அடுக்கு.

அமெரிக்க முயற்சிகள் தடுமாறியது இந்த அடுக்குகள் இல்லாததால்தான். கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரத்தில் 2021 மே மாதம் ரயில் பணிமனை ஒன்றில் ஒருவர் சக ஊழியர்கள் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டு ஜனவரியில் நகர மன்றம், துப்பாக்கி உரிமையாளர்கள் அனைவரும் காப்புறுதி எடுக்க வேண்டும் என்று விதி போட்டது. அந்நாட்டில் இப்படிச் செய்த முதல் நகரம் அது. ஆனால் விதி கேட்டது, தற்செயலாக நேரும் பாதிப்புக்கான காப்புறுதியைத்தான். பணிமனையில் இறந்த ஒன்பது பேரின் குடும்பங்களில் ஒன்றுக்குக்கூட அதிலிருந்து ஒரு காசு வந்திருக்காது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை, மீதியில் பெரும்பகுதி கொலை. தற்செயல் விபத்து 549. நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும் கணக்கு. நியூ ஜெர்சி மாநிலம் 2022 டிசம்பரில் இன்னும் ஓரடி எடுத்துவைத்தது. பொது இடத்தில் துப்பாக்கி சுமப்பவர் 3 லட்சம் டாலருக்குக் காப்புறுதி வைத்திருக்க வேண்டும் என்றது. 2023இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. ஆயுதம் வைத்திருப்பது அரசியல் சட்ட உரிமை என்ற நாட்டில் அது எதிர்பாராததல்ல. நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. இங்கே துப்பாக்கி உரிமம் என்பது போலீஸ் தலைவர் கொடுக்கும் அனுமதி. நிபந்தனையோடு கொடுப்பதும் நிபந்தனை மீறினால் பறிப்பதும் ஏற்கெனவே நடைமுறை.

அமெரிக்க ஆதரவாளர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். காப்புறுதி வந்தால், ஆபத்தானவர்களுக்குச் சந்தா ஏறும், பூட்டுப் பெட்டியில் வைப்பவர்களுக்குக் குறையும், நாளடைவில் துப்பாக்கிகளே குறையும் என்று. காப்புறுதி நிறுவனத்தைப் போலீசாக்கும் யோசனை இது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. யாருக்குத் துப்பாக்கி தரலாம் என்று தீர்மானிப்பது அரசின் கடமை. லாபக்கணக்குப் பார்க்கும் நிறுவனத்திடம் அதை ஒப்படைத்தால், பணக்காரருக்குக் கதவு திறக்கும், ஏழைக்கு மூடும். குண்டு பட்டவருக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்ற ஒரே நோக்கத்துக்காகத்தான் காப்புறுதியைக் கேட்க வேண்டும். அந்த நோக்கத்தை விட்டு நகர்ந்தால் ஏற்பாடு முழுவதும் கோணலாகிவிடும்.

வேண்டுமென்றே செய்த குற்றத்துக்குக் காப்புறுதி எப்படிப் பணம் தரும், அது குற்றவாளிக்குத் துணைபோவதாகாதா என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் 1964இல் இதற்குப் பதில் கிடைத்துவிட்டது. தொழிற்சாலை வாசலில் ஒரு பாதுகாவலர், திருட்டு வரிவில்லை ஒட்டிய வேனை நிறுத்தச் சொன்னார். ஓட்டுநர் அவரை இழுத்துக்கொண்டே வண்டியை விரட்டினார். பாதுகாவலர் படுகாயமடைந்தார். ஹார்டி வழக்கு என்று சட்ட நூல்கள் சொல்லும் அந்த வழக்கில், டென்னிங் பிரபு இடம்பெற்ற மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கியது. குற்றம் செய்தவர் தன் குற்றத்துக்கான பணத்தைக் காப்புறுதியிடம் கேட்க முடியாது. அடிபட்டவர் கேட்கலாம். ஏனென்றால் சட்டம் அந்தக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது அடிபட்டவருக்காக. 1984இல் கார்ட்னர் வழக்கில் பிரபுக்கள் சபையும் இதை உறுதி செய்தது. அதில் ஓட்டுநர் நடந்துபோனவர்மீது வேண்டுமென்றே காரை ஏற்றியிருந்தார். நம் சாலைச் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்து எழுதியது, ஆகவே இந்தத் தர்க்கம் நம் நீதிமன்றங்களுக்கு அந்நியமல்ல. துப்பாக்கிக்கு ஒரு விதி எழுதும்போது, வேண்டுமென்றே சுட்டாலும் அடிபட்டவருக்குப் பணம் உண்டு, நிறுவனம் அதைச் சுட்டவரிடமிருந்து மீட்டுக்கொள்ளட்டும் என்று இரண்டு வரியில் எழுதிவிடலாம்.

ஜெர்மனி வேறு வழியில் போயிருக்கிறது. அங்கே வேட்டை உரிமம் வேண்டுமென்றால் பொறுப்புக் காப்புறுதி கட்டாயம். உடலுக்கு நேரும் சேதத்துக்குக் குறைந்தது 5 லட்சம் யூரோ. பொது இடத்தில் துப்பாக்கி ஏந்திச் செல்ல அனுமதி கேட்பவர் 10 லட்சம் யூரோவுக்குக் காப்புறுதி காட்ட வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டம். பல ஆண்டுகளாக இருக்கும் விதிகள் இவை. யாரும் இதைச் சுதந்திரத்தின்மீது விழுந்த அடியாகப் பேசுவதில்லை. வேட்டைக்காரர்கள் கட்டிவிட்டுப் போகிறார்கள். வேண்டுமென்றே செய்ததைக் காப்புறுதி ஏற்காது என்ற விதி அங்கேயும் உண்டுதான். ஆனால் வன்முறைக் குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசே ஈடு தரும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டதால், அந்த ஓட்டை அடைபட்டிருக்கிறது. இந்தியாவிலும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2008இல் 357ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, மாநிலந்தோறும் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் வந்தது. நம் நாட்டில் குற்றவாளியே ஈடு தர வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட 426ஆம் பிரிவு இருக்கிறது. பிடிபடாத குற்றவாளியிடமும் கையில் காசில்லாத குற்றவாளியிடமும் அந்த ஆணை என்ன செய்யும்?

ஒரு பொருளுக்குக் கட்டாயக் காப்புறுதியை எழுதிவிட்டுப் பக்கத்துப் பொருளை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைப் போர்ட் கிள்ளானே பார்த்திருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று இங்கே சூன் ஹோங் 3 என்ற கப்பல் வெடித்துத் தீப்பிடித்தது. பதின்மூன்று உயிர்கள் போயின. கரையோர எண்ணெய்க் கிடங்குக்கும் தீ தாவியது. சுற்றுவட்டார மக்கள் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அந்தக் கப்பல் சுமந்து வந்தது இரசாயனம். கச்சா எண்ணெய் சிந்தினால் ஈடுகட்டும் பன்னாட்டுக் கட்டாயக் காப்புறுதி 1969ஆம் ஆண்டின் ஒப்பந்தத்திலிருந்தே இருக்கிறது. டோரி கேன்யன் என்ற கப்பல் 1967இல் இங்கிலாந்துக் கரையோரம் தரைதட்டி எண்ணெய் கொட்டியது அதற்குக் காரணம். இரசாயனச் சரக்கால் வரும் தீக்கும் உயிரிழப்புக்கும் இதே போன்ற ஒப்பந்தம் 1996இல்தான் எழுதப்பட்டது. 2010இல் அதைத் திருத்தினார்கள். அதன் பிறகும், போதுமான நாடுகள் ஒப்புதல் தராததால், அது நடைமுறைக்கு வராமல் ஆண்டுக்கணக்காகக் கிடந்தது. எண்ணெய் என்றால் ஒரு நியாயம், இரசாயனம் என்றால் இன்னொரு நியாயம். கரையில் குடியிருப்பவருக்கு எரிவது எதுவானால் என்ன?

சூன் ஹோங் வெடிப்புக்கு ஓராண்டு முன்பு, 1991 மே 7 அன்று, சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் இந்தியா, போபால் பேரழிவின் பாடமாக, பொதுப் பொறுப்புக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. ஆபத்தான பொருளைக் கையாளும் எந்த உரிமையாளரும் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும், அக்கம்பக்கத்தில் இருப்பவர் பாதிக்கப்பட்டால் தவறு யாருடையது என்று பார்க்காமல் உடனடி நிவாரணம் தர வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். இறப்புக்கு அன்று வைத்த 25,000 ரூபாய் மிகச் சிறிய தொகை. அந்தச் சட்டத்தின் பெரிய குறை அது. கொள்கை மட்டும் சரியானது: ஆபத்தை வைத்துப் பிழைப்பவர், அந்த ஆபத்து தொடும் தூரத்தில் வாழ்பவருக்கு முன்பணமாக ஒன்றைக் கட்டி வைக்க வேண்டும். சுங்கை பூலோவுக்குப் பிறகு மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் தொழில்பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அது விபத்தைத் தடுப்பதைப் பற்றிப் பேசியது. மிகவும் தேவையான சட்டம்தான், ஆனால் தடுக்க முடியாமல் போன விபத்துக்குப் பிறகு அண்டை வீட்டுக்காரர் என்ன செய்வார் என்பது அதன் கேள்வியாக இருக்கவில்லை.

துப்பாக்கிக்குத் திரும்புவோம். என் யோசனையை எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணங்களில் இரண்டு எனக்குக் கனமாகப் படுகின்றன. முதலாவது, காப்பாரிலும் கோல சிலாங்கூர்ப் பக்கமும் செம்பனைத் துண்டு நிலமும் பழத்தோட்டமும் வைத்திருக்கும் சிறு விவசாயிகள். காட்டுப்பன்றியையும் குரங்கையும் விரட்ட, உரிமத்தோடு ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அவர்களில் உண்டு. உரம் விலை ஏறிய காலத்தில் அவர்கள் தலையில் இன்னொரு கட்டணமா? நகைக்கடை வாசலில் தினமும் பத்து மணி நேரம் கூட்டத்தில் நிற்கும் துப்பாக்கியின் ஆபத்தும், மாதத்தில் சில இரவுகள் மட்டும் தோட்டத்துக்குள் வெளியே எடுக்கப்படும் துப்பாக்கியின் ஆபத்தும் ஒன்றல்ல. ஆகவே சந்தாவும் ஒன்றாக இருக்கக் கூடாது. விவசாயிகளைச் சங்கத்தின் வழியாகக் கூட்டுக் காப்புறுதியில் சேர்ப்பது மலிவாக முடியும். இருந்தாலும் அவர்களுக்கு முழு விலக்குத் தர எனக்கு மனமில்லை. இருட்டில் மிருகம் என்று நினைத்து மனிதரைச் சுட்ட செய்திகளை இந்த நாட்டுப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம்.

இரண்டாவது காரணம் இன்னும் வலுவானது. இங்கே ஆட்களைக் கொல்லும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை கடத்தி வந்தவை, உரிமமில்லாதவை. கூலிப்படைக்காரர் காப்புறுதி எடுக்கப் போவதில்லை. உண்மை. காப்புறுதி இல்லாமல் ஓடும் மோட்டார் சைக்கிளும் இருக்கிறது. அதற்காக மற்றவர்களின் கட்டாயத்தை நாம் நீக்கவில்லை, கழகம் ஒன்றை உண்டாக்கினோம். உரிமம் பெற்ற துப்பாக்கி ஒவ்வொன்றின் சந்தாவிலிருந்தும் ஒரு சிறு பங்கு, ஆயுதக் குற்றங்களில் பறிமுதலாகும் சொத்திலிருந்து ஒரு பங்கு, மீதி அரசு என்று சேர்த்தால் உரிமமில்லாத குண்டுக்கு இரையானவர்களுக்கும் ஒரு நிதி உருவாகும். கோலாலம்பூரில் நடுப்பகலில் கார் நிறுத்துமிடத்தில் சுடப்படுபவர் அருகே, தற்செயலாக நின்றிருந்த ஒருவருக்குக் குண்டு பட்டால், அவரைத் தாங்க அப்படி ஒரு நிதி இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நாட்டிலேயே அதிகத் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையாளரைப் பேசாமல் விட்டால் நேர்மையாகாது. அது அரசாங்கம். போலீஸ் சுட்டு இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலில் இந்தியப் பெயர்கள் நம் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகமாக இருப்பதாக மனித உரிமை அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. தமிழ் வீடுகளில் இது பேச்சாகக் கேட்கும் விஷயமல்ல, பலருக்குச் சொந்தத் தெருவில் நடந்தது. அரசுக்குக் காப்புறுதி நிறுவனம் தேவையில்லை, அதனிடம் கஜானா இருக்கிறது. ஆனால் அந்தக் கஜானாவை அடைய அடிபட்டவர் கடக்க வேண்டிய தூரம் எல்லோரையும்விட அதிகம். அரசு அதிகாரிகளைப் பாதுகாக்கும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் 36 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்று கெடு வைக்கிறது. இதே மூன்று ஆண்டுக்குள்தான் குடும்பம் ஈமச்சடங்கு செய்து, மரண விசாரணைக்காகக் காத்திருந்து, வழக்கறிஞர் தேடி, துணிச்சலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாதுகாவலர் நிறுவனத்திடம் காப்புறுதி கேட்கும் அரசு, தன் துப்பாக்கி சுட்ட குண்டுக்கும், யார் குற்றவாளி என்ற விசாரணை முடியும்வரை காத்திராமல், குறைந்தபட்ச இடைக்கால உதவியைத் தரும் கடமையை ஏற்க வேண்டும்.

தொகை எவ்வளவு என்பதும் சின்ன விஷயமல்ல. 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டப்படி, துணைவரை இழந்தவருக்கு அந்தத் துயரத்துக்காக நீதிமன்றம் தரும் தொகை நெடுங்காலம் 10,000 ரிங்கிட்டாகவே இருந்தது. 2019இல்தான் 30,000 ஆனது. இறந்தவர் சம்பாதித்துக் கொடுத்ததன் இழப்பைத் தனியாகக் கணக்கிடுவார்கள். வேலைக்குப் போகாத தாய், ஓய்வுபெற்ற தந்தை, படிக்கும் பிள்ளை என்றால் அந்தக் கணக்கு பெரிதாக எழும்பாது. ஆகவே கட்டாயக் காப்புறுதி வரும்போது, சம்பளத்தைப் பார்க்காமல் உடனே தரும் நிலையான தொகை ஒன்றும் அதில் இருக்க வேண்டும். மருத்துவமனைச் செலவு, அடக்கச் செலவு, முதல் ஆறு மாத வீட்டுச் செலவு ஆகியவற்றுக்காவது அது போதுமானதாக இருக்க வேண்டும். மீதியை நீதிமன்றம் நிதானமாகப் பார்க்கட்டும்.

இதற்கெல்லாம் புதிய பெருஞ்சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பாதுகாவலர் நிறுவனங்களுக்கு 1971ஆம் ஆண்டின் தனியார் முகவாண்மைச் சட்டத்தின்கீழ் உரிமம் தருவது உள்துறை அமைச்சு. ஆயுத உரிமம் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது, ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணும் பதிவேட்டில் இருக்கிறது. புதுப்பிக்க வரும் நிறுவனத்திடம், ஆயுதம் ஏந்தும் பாதுகாவலர் எத்தனை பேரோ அத்தனை பேரையும் உள்ளடக்கிய காப்புறுதிச் சான்றிதழை முதலில் கேட்கலாம். வாடிக்கையாளர்களும் தொடங்கலாம். வங்கியும் நகைக்கடையும் ஒப்பந்தம் போடும்போது, வழிப்போக்கருக்கு நேரும் பாதிப்பும், வேண்டுமென்றே சுட்டதால் வரும் பாதிப்பும் உங்கள் காப்புறுதியில் உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள எந்தச் சட்டமும் தடையில்லை. காப்புறுதி நிறுவனம் நேரடியாக அடிபட்டவருக்குப் பணம் தர வேண்டும் என்ற பகுதிக்கு மட்டும் நாடாளுமன்றம் வேண்டும். சாலைச் சட்டத்தின் 96ஆம் பிரிவில் வாகனம் என்று வரும் இடங்களில் துப்பாக்கி என்று எழுதி, ஆயுதச் சட்டத்தில் சேர்க்கும் ஒரு திருத்தம் அதற்குப் போதும்.